கீழே போய்த்தான் பிடிக்கணும்

சுங்கை டுவா, பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள கூட்டாளி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பே கிள்ளானிலிருந்து வந்துவிடுகிறேன், ரதம் பார்த்து, தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கும் வரை உன் வீடுதான் என்று எழுதியிருந்தாய். வீட்டில் படித்துக் காட்டினேன். உன் தங்கச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. விரதச் சமையலுக்குத் தனிச் சட்டி எடுத்து வைத்தாயிற்று. அடுத்த நிமிஷமே, "அண்ணன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. வந்த பெறகு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் இப்போது புகை பிடிக்க முடியாது. பால்கனியிலும் முடியாது, குளியலறையிலும் முடியாது. விரதத்தில் சிகரெட் சேருமா சேராதா என்பதை நீயும் முருகனும் பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நாலு மாதத்துக்கு முன் எங்கள் குளியலறையில் கிரேத்தெக் என்கிற கிராம்புச் சிகரெட் வாசம். கிராம்பு கருகிய அதே வாசம். உன் தங்கச்சி என் சட்டைப் பையெல்லாம் துழாவினாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" 2019லேயே விட்டவன் நான். சத்தியம் செய்தும் நம்பவில்லை. முப்பது வருஷம் பொய் சொன்னவனை யார் நம்புவார்கள்? கடைசியில் சாமி மேடையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் குளியலறைக் கண்ணாடிப் பட்டை ஜன்னல் பக்கம் பிடித்தேன். புகை வெளியே போகும் என்று நினைத்தேன். போகவில்லை. கோடு போல நேராக வந்து என் மூக்கில் ஏறியது. அடுப்படியில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன், ஊதுபத்திப் புகை மேலே போனது. திரும்பப் போட்டேன், உள்ளே வந்தது. குளியலறைகளை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு காற்றுக் குழி இருக்கிறது. காற்றாடி வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்தக் குழியில் கிடக்கும் காற்று உள்ளே இழுபடுகிறது. கீழ்மாடிக்காரர் ஊதியது எங்கள் துண்டில் வந்து ஒட்டுகிறது. அதை அவளை நிற்க வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குச் சோறு கிடைத்தது.

நான் பன்னிரண்டாம் மாடி. பதினொன்றில் ஒரு சீனக் கிழவர், எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். போய்க் கதவைத் தட்டினேன். சண்டைக்கு அல்ல, ஊதுபத்தியும் கையுமாக. கூடத்தில் அவர் மனைவி சக்கர நாற்காலியில். பக்கவாதமாம், மூன்று வருஷமாக. அவர் என்னைக் குளியலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் மலாயும் என் மலாயும் ஒரே தரம், அதனால் நன்றாகவே புரிந்தது. மனைவிக்குப் புகை ஆகாது என்றுதான் அவர் உள்ளே வந்து பிடிக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது, எல்லாம் வெளியே போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அப்படியே நான்தான்டா அது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நானும் குளியலறைக்குள்தானே போவேன்? கதவிடுக்கில் ஈரத் துண்டு வேறு.

எங்கள் அப்பார்ட்மென்ட் மேனேஜ்மென்ட் கமிட்டியில் நானும் ஓர் ஆள் என்று உனக்குத் தெரியும். பொறுக்காமல் விஷயத்தை ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி கூடுதல் விதி போடலாம். 21 நாள் நோட்டீஸ் கொடுக்கணும், நாலில் மூன்று பங்கு ஓட்டு வேணும், மீறினால் அபராதம் 200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் இரண்டு விதி எழுதினோம். ஒன்று, நடைபாதை, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் எதிலும் சிகரெட்டும் கூடாது, வேப் என்கிற மின்சிகரெட்டும் கூடாது. இரண்டாவது, பால்கனியிலும் குளியலறையிலும் கூடாது.

முதலாவது சுளுவாகப் போய்விட்டது. இரண்டாவதில்தான் கூத்து. ஐந்தாம் மாடிச் சீன அம்மா ஒருத்தி எழுந்து, "அடுத்தவன் வீட்டுக்குப் போற புகை கூடாதுன்னா, எங்க ஏழாம் மாசம், பேய் மாசத்துல நான் வாசல்ல ஏத்துற பத்தி?" என்றாள். ஒரு மலாய்க்காரர், மேல்மாடியில் பெலாச்சான், அந்த இறால் விழுது, வறுக்கும் நாற்றத்துக்கு என்ன அபராதம் என்று கேட்டார். ஒரு வாலிபன் போனைப் பார்த்து 2015 விதிமுறைகளிலிருந்து ஒரு வரி படித்தான். புகையோ ஆவியோ கெட்ட நாற்றமோ கிளப்பும் எதையும் எரிபொருளாகப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஏற்கெனவே இருக்கிறது. "சிகரெட் எரிபொருளா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, கூடமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு உன் தங்கச்சி வெள்ளிக்கிழமை தோறும் போடும் சாம்பிராணி ஞாபகம் வந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துத்தான் போடுகிறாள். இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இன்னொரு வேடிக்கை கேள். புகையைப் பற்றி அதிகமாகக் கத்தியவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டே இல்லை. பராமரிப்புக் காசு பாக்கி வைத்தவன் ஓட்டுப் போட முடியாது.

கடைசியில் இரண்டாவது விதியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆக, வீட்டுக்குள் பிடிப்பவனை யாரும் தடுக்க முடியாது. அடுத்தவருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற பொதுவிதி ஒன்று இருக்கிறது, அதை வைத்துப் புகார் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம். அவ்வளவு தூரம் யார் போவது?

சுகாதார அமைச்சின் சட்டமும் வாசலோடு நின்றுவிடுகிறது. 2019 ஜனவரி முதல் தேதி சாப்பாட்டுக் கடைகளில் தடை வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ இங்கே வந்திருந்தாய். கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் பிடிக்கணும் என்று மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் மஞ்சள் கோடு போட்டிருந்தான். மூன்று மீட்டர் என்றால் எவ்வளவு என்று நீ செருப்பால் அடி அளந்து, பத்தாவது அடியில் சாக்கடை ஓரமாக நின்று பற்றவைத்தாய். உன் தே தாரிக் டீ உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. இதற்காகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்து முகமது இத்ரிஸ் எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினார்! அந்த மே மாதம்தான் அவர் காலமானார். கடைத் தடையையாவது பார்த்துவிட்டுப் போனார்.

வேப் கதை இன்னும் மோசம். 2023 மார்ச் 31 அன்று வேப்பில் ஊற்றும் நிகோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புதுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. நடுவில் ஒன்றரை வருஷம், பள்ளிக்கூடப் பையன் போய் வாங்கினாலும் கேட்க ஒரு சட்டம் கிடையாது. இப்போது 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, சிகரெட் கூடாத இடத்தில் வேப்பும் கூடாது. ஆனாலும் எங்கள் லிஃப்டில் ஏறினால் சில நாள் திராட்சை வாசம், சில நாள் மாம்பழ வாசம். யார் என்று கண்டுபிடிக்க முடியாது, கதவு திறப்பதற்குள் பாக்கெட்டில் போட்டுவிடுகிறான்கள்.

ஊரைச் சொல்வானேன், என் வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான். சின்னவன் கூலிமிலிருந்து வாரக் கடைசியில் வருவான், நேரே பால்கனிக்குப் போவான். கேட்டால், "ஆவிதான்பா, புகை இல்ல." கொடித்துணியில் ஸ்ட்ராபெரி வாசம் வருகிறது, ஆவியாம். போன மாதம் உன் தங்கச்சி அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அப்போது என்னைப் பார்த்தும் ஒன்று கேட்டாள்: "அவன சொல்றீங்களே, கல்யாணமாகி இருபது வருஷம் நான் யாரு புகைய இழுத்தேன்?" நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்றைக்கே வீட்டு விதி வந்துவிட்டது. ஓட்டெடுப்பெல்லாம் இல்லை.

கிழவரைக் கேட்பாய். ஊதுபத்தியைப் பார்த்த பிறகு குறைத்துக்கொண்டார். அரசாங்க கிளினிக்கில் நிறுத்துவதற்கு உதவி செய்கிறார்கள், நானும் அங்கே போய்த்தான் விட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். மனைவியைத் தனியே விட்டுக் கீழே போகவும் முடியாது அவருக்கு. இன்னும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒன்று வருகிறது. எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். கமிட்டிக்காரன் நான், புகார்ப் படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எழுதவில்லை.

உனக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஜாகா, அதாவது காவல்காரர், கொட்டகையைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே அங்சானா மரத்தடி. மணல் போட்ட வாளி ஒன்று இருக்கும். ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்பு, நானும் கூட வருகிறேன். மூன்று மீட்டர் தள்ளி நிற்பேன்.

சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் இறங்கியதும் போன் பண்ணு, சின்னவனை அனுப்புகிறேன். வரும்போது கிள்ளான் கடையிலிருந்து மஞ்சள் வேட்டி இரண்டு வாங்கி வா, இங்கே இந்த நேரத்தில் விலையைக் கேட்க முடியாது.

உன் பழைய கூட்டாளி