யோக்யகர்த்தா அரண்மனையின் கமெலான் கலைஞர்களுக்கு ஒரு மிருதங்கக்காரனின் மடல்

பெருமதிப்பிற்குரிய கலைஞர்களுக்கு வணக்கம்.

கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகிற மிருதங்கக்காரன் நான். ஜாவாவில் இருக்கும் உங்கள் யோக்யகர்த்தாவுக்கு வரும்வரை, கோங்கும் வெண்கலத் தட்டு வாத்தியங்களும் சேர்ந்த உங்கள் கமெலான் இசையை ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டிருந்தேன். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைப் பதிந்து அனுப்பிய பொன் தட்டில், உங்கள் ஊர் பாக்குஆலமான் அரண்மனையில் பதிவான ‘புஸ்பவர்ணா’ இருக்கிறதல்லவா, அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஆனால் உங்கள் பெரிய கோங்கை எந்த ஒலிபெருக்கியும் எனக்குக் காட்டியதில்லை. எங்கள் கோயில் சேகண்டி தட்டையானது, நறுக்கென்று ஒலிக்கும். நடுவில் குமிழ் வைத்த உங்கள் வெண்கலக் கோங், ஸ்ரீமங்கந்தி மண்டபத்தில் அதிர்ந்து அடங்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

என் கண் முழுவதும் கெண்டாங் என்ற உங்கள் மத்தளத்தை வாசித்த பெரியவர் மேல்தான் இருந்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. கை சற்றுத் தளர்ந்ததும் அத்தனை பேரும் கூடவே தளர்ந்தார்கள். அடுத்து நடந்ததை இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கோங்குக்கும் கோங்குக்கும் நடுவே இடைவெளி அகன்றது. அகன்ற இடத்தைச் சின்ன வாத்தியங்கள் இரட்டிப்பு நடையில் நிரப்பின. நாங்களும் எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தை, ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாக, நான்காக விரித்து, இரண்டு களை, நான்கு களை என்று அகலப்படுத்துவோம். ஆனால் ஒரு களையில் தொடங்கிய உருப்படியை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லோருமாக அடுத்த களைக்கு இறக்கி, மறுபடி மேலே ஏற்றி நான் கேட்டதில்லை.

கெத்தாவாங் என்ற உருப்படி வடிவத்தில் 16 எண்ணிக்கைக்கு ஒரு கோங். எங்கள் கணக்கில் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று. லட்ராங் என்ற வடிவம் என்றால் 32. தாளம் தொடங்கும் இடத்தைச் சமம் என்போம், அது எங்களுக்கு முதல் எண். உங்களுக்குக் கோங் கடைசி எண்ணில் விழுகிறது. இருந்தாலும் முத்தாய்ப்பு என்ற முடிவுக் கோர்வையை வைத்துச் சமத்தில் வந்து சேரும்போது எங்களுக்கு வருகிற அதே நிறைவு அந்தக் கோங்கில் எனக்குக் கிடைத்தது. தொடையில் கை போட்டு எண்ணிக்கொண்டிருந்ததால்தான் கிடைத்தது.

நான் எழுத வந்ததும் இதைப் பற்றித்தான். நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், படம் எடுத்தார்கள், கோங் விழுவதற்குள் நகர்ந்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே! ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1755-இல் மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது உங்கள் பக்கம் வந்த கியாய் குந்தூர்மாடு, அதன் இணையான கியாய் நாகவிலாகா ஆகிய இரண்டு கமெலான் வாத்தியத் தொகுதிகளையும், நபிகள் பிறந்தநாளை ஒட்டிய சேகாத்தேன் திருவிழாவில் பெரிய பள்ளிவாசல் முற்றத்துக்குக் கொண்டுபோய் வாசிக்கிறீர்கள். முதல் தட்டு விழும்போது வெற்றிலை மெல்வது நல்லது என்று காத்து நிற்கிறவர்கள் அவர்கள். அந்தக் காத்திருப்பில் கொஞ்சம் வெளியூர்க்காரனுக்கும் கிடைக்க வேண்டும்.

வார் இழுத்து, கல்லால் தட்டி, பாடகரின் சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்ப்பது என் அன்றாட வேலை. உங்கள் தொகுதி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியோடு பிறக்கிறது. ஒன்றின் வாத்தியம் இன்னொன்றோடு சேராது. ஆகவே இங்கே கேட்டதை அந்தப் பயணி வேறெங்கும் இதே ஒலியில் கேட்கப் போவதில்லை. அதைப் பாதியில் விட்டுப் போகிறாரே என்பதுதான் என் ஆற்றாமை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் கமெலான் சேர்ந்தது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் பட்டியலைப் பார்த்து வருகிறவரை உட்கார வைக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. உருப்படி தொடங்குமுன் அதன் வடிவத்தையும், எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு கோங் என்பதையும் ஒருவர் சொல்லட்டும். முதல் இரண்டு சுற்றுக்கு, உங்களிடம் பயிலும் பிள்ளை ஒருவர் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து கையால் எண்ணிக் காட்டட்டும். எங்கள் சபைகளில் ரசிகர்கள் தாளம் போடுவது இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதுதான். நுழைவாயிலில் ஒரு பலகையும் வையுங்கள். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து தமிழர்களும் வருகிறார்கள். தமிழ் வரிகளை நான் எழுதித் தருகிறேன்.