மாடியில் தோண்டிய கிழங்கு

கோயம்புத்தூர்
மாசி 7

அன்புள்ள செல்வி,

பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். பேர் வைத்தாயிற்றா? பொங்கலுக்கே பதில் போட்டிருக்க வேண்டும். மாடியில் பைகளில் வைத்த உருளைக்கிழங்கைத் தோண்டிவிட்டு எழுதலாமென்று இருந்துவிட்டேன். நேற்றுதான் தோண்டினேன்.

போன சித்திரையில் வைத்து ஏமாந்தேன் அல்லவா? செடி தளதளவென்று நின்றது, அடியில் கோலிக்குண்டு அளவில் நாலுதான். உரம் பற்றவில்லை என்று நினைத்தேன். ராத்திரி வெக்கைதான் காரணமாம். இரவில் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் சத்தெல்லாம் தழைக்கே போய், கிழங்கு சரியாக இறங்காது. அதனால் இந்தத் தடவை கார்த்திகை முதல் வாரம் வைத்தேன்.

ஊட்டிக் கிழங்கை விதைக்கு எடுக்கவில்லை. வேரைப் பிடிக்கும் ஒரு நூற்புழுவை நீலகிரியில் 1961-இல் கண்டுபிடித்தார்கள். அது மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை உண்டு. வீட்டுக் கூடையில் முளைவிட்ட வேறு கிழங்கையே துண்டுக்கு இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி வைத்தேன்.

பையில் பாதிதான் மண். செடி ஒரு சாண் வந்ததும் கழுத்துவரை மண் அணைத்தேன், பிறகு இன்னொரு தடவை. உருளைக்கிழங்கு வேரில் காய்ப்பதில்லை, செல்வி! மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கவாட்டில் கொடி ஓடி, அதன் நுனிதான் பருக்கிறது. இத்தனை வருஷம் சமைத்தும் இது எனக்குத் தெரியாது. மண் விலகி வெயில் பட்டால் கிழங்கு பச்சையாகிக் கசக்கும், அது விஷம். அப்படி இரண்டு இருந்தன, தூக்கிப் போட்டேன்.

இலை பழுத்ததும் பத்து நாள் தண்ணீரை நிறுத்தினேன், தோல் கெட்டிப்படட்டும் என்று. ஆறு பையில் நாலரைக் கிலோ! பையைக் கவிழ்த்து மண்ணைக் கையால் துழாவும்போது ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டதே, அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? ராத்திரி பொடிமாஸ் செய்தேன். வெந்ததும் தோல் விரலால் தேய்த்தாலே வந்துவிட்டது.

தர்மபுரியில் நீ இப்போது வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்டி, வெயில் வந்துவிட்டது. அந்தத் தொட்டியில் வெண்டை போடு. ஐப்பசிக் கடைசியில் நானே வந்து உன்னோடு உட்கார்ந்து விதைக்கிழங்கை வெட்டித் தருகிறேன். குழந்தையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

உன்
சரோஜா