ராசுவுக்கு, துப்பாக்கி வாங்குமுன்

அன்புள்ள ராசு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாயிற்று. பதில் எழுதாதது என் தவறு, பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

இத்தனை நாளும் என்னை உறுத்தியது உன் கடைசி வரிதான். டெக்சாஸ் போய்ச் சேர்ந்ததும் முதல் துப்பாக்கியாக, பெரிய தோட்டாவைச் சுடும் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கப் போகிறாயாமே! உங்கள் ஊர்ச் சுடுதளம் 600 கஜத்தோடு முடிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். காகித இலக்கைத் துளைக்க அவ்வளவு வெடிமருந்து எதற்கு? என்.சி.சி.யில் அந்தப் பழைய .22 டீலக்ஸைக் கொண்டு 25 கஜத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கி, நெட்டையனை வாயடைக்க வைத்தவன் நீ. அது சுடும்போது தோளைப் பின்னுக்கு உதைக்காத துப்பாக்கி என்பதை மறந்துவிட்டாயா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் மேக்னம்தான் வாங்கினேன். தோள் கன்றியது பெரிதில்லை. ஒருநாள் உடன் சுடுபவர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வைத்துவிட்டார். வெடிக்காத அந்தத் தோட்டாவுக்கு என் துப்பாக்கியின் முனை கீழ்நோக்கிக் குத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். உதை வருமுன்பே உடல் அஞ்சிச் சுருங்கிவிடுகிறது, ராசு. அந்தப் பழக்கத்தை ஒழிக்க எனக்கு ஓராண்டும் பெட்டி பெட்டியாக .22 தோட்டாக்களும் தேவைப்பட்டன.

ஆகவே 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கியை வாங்கு. ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குச் சுடுதலை மனத்தில் வைத்தே உருவாக்கிய தோட்டா அது. அதன் உதை, மேக்னத்தின் உதையில் ஏறத்தாழப் பாதிதான். அதன் 140 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) குண்டு நீண்டு ஒல்லியாக இருப்பதால் காற்றை எளிதாகக் கிழித்துச் செல்கிறது. 600 கஜத்தில் பக்கக் காற்று அதைத் தள்ளும் தூரம், இன்னொரு தோட்டா வகையான .308 வின்செஸ்டரின் 168 கிரெயின் குண்டைத் தள்ளுவதில் சுமார் முக்கால் பங்குதான். தொலைவுக்கேற்பக் குண்டு கீழே இறங்குவதைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். நொடிக்கு நொடி மாறும் காற்றைக் கணிப்பதில்தான் எல்லோரும் தோற்கிறோம் என்பதால் இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகளின் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். அவ்வளவு நீளமான குண்டு நிலையாகச் சுழல அது வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆயிரம் தோட்டாக்களிலேயே கிரீட்மோரின் குழல் தேய்ந்துவிடும்; .308-இன் குழல் அதைவிட நெடுநாள் உழைக்கும். பின்னாளில் எஃப்-டிஆர் என்னும் தொலைதூர இலக்குச் சுடும் போட்டிகளில் இறங்கும் எண்ணமிருந்தால் .308 அல்லது .223 மட்டுமே செல்லும். அப்படியானால் 1952-இல் வந்த அந்தப் பழைய .308-ஐயே வாங்கு, மறுபேச்சுப் பேச மாட்டேன்.

தீபாவளிக்கு இங்கே வரும்போது என்னுடைய மேக்னம், கிரீட்மோர் இரண்டையும் சுட்டுப் பார். அதுவரை கடையில் முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் மணி