ஊசியோடு ஒரு பூச்சி மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தபோது, எங்கோ முட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தோம். மறுநாள் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, உண்ணிக் காய்ச்சல் என்றார். 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. பிழைத்துக்கொண்டது.

ஞாயிறுதோறும் மண்ணெண்ணெய் டப்பாவோடு உட்கார்ந்து, காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணி பிடுங்குகிறவன் நான். பிடுங்கியது கொஞ்சம், மிச்சம் சுவரில் இருந்திருக்கிறது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி தானே உதிர்ந்து, சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். திண்ணையில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றினேன். ஆணித் துளையைச் சுற்றிக் கேழ்வரகு மாவு சிந்தியதுபோல் இருந்தது. அந்த மாவு நகர்ந்தது! நாய்க்கு மருந்து போட்ட கையோடு விரிசலையும் பூசிய பிறகுதான் ஓய்ந்தது. (மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய் மேல் ஊற்றுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நாய் உடம்பை நக்கும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.)

குடற்புழுவின் கதை இன்னும் மோசம். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப்புழு வந்துவிடுகிறது. கொக்கிப்புழு பாலோடு வருகிறது. அதனால்தான் இரண்டு வார வயதிலேயே முதல் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். நாய் மலம் கழித்த ஈர மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் காத்திருக்கும். வெறுங்காலில் நடந்தால் தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக நெளிந்து அரிக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலையில் மணல்வீடு கட்டும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் உருவாக்கிய வெறிநோய்த் தடுப்பூசி ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதன் நினைவாக வரும் விலங்குவழி நோய்கள் தினத்தில் நாய்களுக்கு இலவச ஊசி போடுகிறார்கள், நல்ல காரியம். அதே வரிசையில் நாயை எடை பார்த்து, எடைக்கேற்ற பூச்சி மாத்திரையையும் கொடுத்துவிடலாமே? காதை மடக்கி உண்ணி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். கயிற்றைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கிற எங்களுக்கு அந்த அரை நிமிடம் பெரிதல்ல. கடலூர் கால்நடை பராமரிப்புத் துறையினர் அடுத்த முகாமிலாவது இதைச் செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.