தும்பை கேட்டிருந்தாயே, மல்லிகா

புதுப்பாளையம், கடலூர்
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. லாஸ்பேட்டை வீட்டு மொட்டைமாடியை மருமகள் உனக்கென்றே ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் நெய்வேலியிலிருந்து தீபாவளிக்கு வருகிறாள். திருவந்திபுரம் போக நினைத்து, புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து இன்னும் போகவில்லை.

மாடி கிடைத்தால் எல்லோரும் ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் தேடுவார்கள். நீ தும்பை கேட்டிருக்கிறாய்! எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை நினைவிருக்கிறதா? மழை விழுந்தால் முழங்கால் உயரத்துக்குத் தும்பையாக நிற்குமே, அங்கே இப்போது மூன்று மாடிக் கட்டடம். மிச்சம் இருக்கிற மனைகளிலும் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். பிரதோஷத்துக்குப் பாடலீஸ்வரருக்கு ஒரு கைப்பிடி பூ எடுத்துப்போக என் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறேன். களையைப் போய் யாராவது தொட்டியில் வளர்ப்பார்களா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். வெளியே அதற்கு இடமில்லை என்று ஆன பிறகு வேறெங்கே வளர்ப்பது?

விதை அனுப்புகிறேன். ஒவ்வொரு பூவின் அடியிலும் இருக்கிற பச்சைக் குப்பிக்குள் நாலு விதை உண்டு. குப்பி பழுப்பாகிக் காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து எடுத்தவை. ஐப்பசி மழை பிடித்ததும் தூவிவிடு. புதைக்காதே, மண்ணின் மேலேயே கிடக்கட்டும், கையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். ஆழமான தொட்டி வேண்டாம், ஓட்டை போட்ட பழைய பேசினே தாராளம். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் அதோடு கொஞ்சம் மணல் கலந்துகொள். எரு போடாதே. நன்றாகத் தீனி போட்டால் இலைதான் கொழுக்கும், பூ குறைந்துவிடும். நாள் முழுக்க வெயில் படுகிற மூலையாகப் பார்த்து வை. நம் பக்கத்து மழைதான் உனக்குத் தெரியுமே, கார்த்திகையில் கொட்டினால் நிற்காது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் அந்த நாட்களில் பேசினைச் சற்றுச் சாய்த்து வை. முளைத்தவை நெருக்கமாக இருந்தால் சாண் இடைவெளிக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்கு. நாலு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவு, மருந்து வேண்டாம். தேனீயும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் காலையிலேயே வந்து மொய்க்கிற செடி அது.

நர்சரியில் தும்பை என்று கேட்டால் சில சமயம் வேறு எதையாவது கொடுப்பார்கள். கவிழ்தும்பை நம் தும்பையின் குடும்பமே இல்லை, அதன் பூ வெளிர்நீலமாகத் தலைகுனிந்து தொங்கும். நம்முடையது துளசியின் குடும்பம். தண்டைத் தடவிப் பார், துளசித் தண்டு போலவே நாலு பட்டையாக இருக்கும். பச்சை உருண்டை மாதிரி கணுவைச் சுற்றி நிற்கும் குப்பிகளிலிருந்து வெள்ளை உதடு நீட்டியது போலப் பூ எட்டிப்பார்க்கும். ஒன்பதாம் வகுப்பில் தும்பைத் திணை நடத்தியபோது, போருக்குப் போகிற வீரன் சூடுகிற பூ இதுதான் என்று நம் தமிழம்மா பள்ளிக்குப் பின்புறம் கூட்டிப்போய்க் காட்டினார்களே! இத்தனூண்டு பூவையா என்று நீ கேட்டாய். நாம் அதைப் பறித்து அடியில் தேன் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தும்பையைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். மாசி, பங்குனியில் செடி காய ஆரம்பிக்கும். அது நோயில்லை, அதன் ஆயுசு அவ்வளவுதான். தண்ணீரைக் கூட்டி ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதே, பிடுங்கி எறியவும் எறியாதே. காய்ந்த குச்சியாக நிற்பதைப் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மருமகளிடம் இப்போதே சொல்லி வை, வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சொல், கூட்டித் தள்ளிவிடப் போகிறார்கள். விதை அந்தக் குச்சியிலிருந்துதான் உதிர வேண்டும். அக்கினி நட்சத்திரம் முழுக்க அந்த மண் சும்மா கிடக்கட்டும், அதில் வேறு எதுவும் நடாதே. அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும். பூவையும் மொத்தமாகப் பறித்துவிடாமல் சாமிக்குப் பாதி, செடிக்குப் பாதி என்று விடு.

சளிக்கு நொச்சியோடு நாலு தும்பை இலை போட்டு ஆவி பிடிப்பாய், உனக்குப் பழக்கம்தான். ஆனால் பாம்பு கடித்தால் தும்பைச் சாறு கொடுத்தால் போதும் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அப்படி ஒன்று நடந்தால் சாறு பிழிகிற நேரத்தைக்கூட வீணாக்காமல் நேரே ஜிப்மருக்கு ஓட வேண்டும். விஷமுறிவு ஊசிதான் உயிரைக் காப்பாற்றும். தும்பையின் மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்காக அதன் தலையில் இல்லாத பெருமையைக் கட்ட மாட்டேன்.

அப்புறம், சின்னவன் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வருகிறான். விதையைக் காகிதப் பொட்டலமாகக் கட்டி அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிளாஸ்டிக் பைக்கு மாற்றாதே, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உன்னிடம் வெள்ளைச் சங்குப்பூ விதை இருந்தால் அவனிடமே கொடுத்து அனுப்பு, என்னிடம் நீலம் மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்,
வசந்தா