முதல் அரைமணி நேரம் திரை வேண்டாம், பச்சைப்பயறு போதும்

சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நிரலாக்க வகுப்பு நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர்களுக்கு 10 மணி நேர நிரலாக்கப் பயிற்சி உண்டு. அதனால் வார இறுதியில் உங்களிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு பிள்ளைகளுக்கான நிரல்மொழியான ஸ்கிராட்சின் கட்டளைக் கட்டங்களை இழுத்து ஒட்டத் தெரிந்திருக்கும். பூனை நடக்கும், மியாவ் என்று கத்தும். அது ஏன் நான்கு அடியோடு நின்றது என்று கேளுங்கள், பலர் விழிப்பார்கள். முதல் சில வகுப்புகளிலாவது தொடக்கத்தில் 30 நிமிடம் திரையை மூடிவிட்டு, வீட்டுச் சாமான்களைக் கொண்டு சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ரொட்டியில் காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்புத் தடவல்) தடவுவதிலிருந்து தொடங்கலாம். பயிற்றுநர்தான் இயந்திரம். எடு, வை, திற, மூடு, திருப்பு, தடவு ஆகிய ஆறு கட்டளைகளைப் பலகையில் எழுதிவிடுங்கள், இயந்திரத்துக்கு வேறெதுவும் தெரியாது. “ரொட்டியில் காயா தடவு” என்று பிள்ளை சொன்னால், மூடிய போத்தலை எடுத்து ரொட்டிப் பொட்டலத்தின் மேல் தேய்க்க வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஆள் இல்லை கணினி. எள் என்றால் எள்தான். இங்கே பயிற்றுநர்கள் சறுக்குவது நடிப்பில். ஒரு கட்டளைக்கு அடம்பிடித்துவிட்டு, அடுத்ததற்குப் பிள்ளையின் மனசைப் புரிந்துகொண்டு சரியாகச் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் விதி என்னவென்று பிள்ளைக்குப் பிடிபடாது. சிரிப்பு இயந்திரத்தின் மேல் விழ வேண்டும், கட்டளை சொன்ன பிள்ளையின் மேல் விழக் கூடாது. பத்து நிமிடம் தாண்டினால் கூத்து மட்டுமே மிஞ்சும். காயாவில் முட்டை இருக்கிறது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வரலாம், ஆகவே கழுவிய காலிப் போத்தலே போதும்.

அடுத்தது மடக்கு, அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்வது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மட்டமாக அள்ளிய பத்துக் கரண்டிப் பச்சைப்பயறு சரியாகக் கொள்ளும் கிண்ணம் ஒன்றை முன்கூட்டியே அளந்து வையுங்கள். அடியில் ஓரம் உயர்ந்த பெரிய தட்டு ஒன்று இருக்கட்டும். “கிண்ணம் நிரம்பும்வரை திரும்பச் செய்: மூன்று கரண்டி போடு” என்பது கட்டளை. ஒரு பிள்ளை ‘நிரம்பிவிட்டதா?’ என்று எழுதிய அட்டையோடு பக்கத்தில் நிற்கும், ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது மட்டும் அட்டையைத் தூக்கும். காலிக் கிண்ணம், மூன்று, ஆறு, ஒன்பது: நான்கு முறையும் ‘இல்லை’ என்பதே பதில். நான்காவது சுற்றில் பத்தாவது கரண்டியோடு கிண்ணம் நிரம்பிவிடும், “போதும், போதும்!” என்று வகுப்பே கத்தும். இயந்திரம் பதினொன்றையும் பன்னிரண்டையும் போட்டுவிட்டுத்தான் அட்டையைப் பார்க்கும். பயறு தட்டில் சிதறும்.

நிபந்தனையைக் கணினி விடாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது, நிரம்பிய நொடியே நிறுத்திவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். சிதறிய பயறு அந்த நம்பிக்கையை உடைக்கிறது. சுற்றுக்கு ஒரு கரண்டி என்று மாற்றி மறுபடி ஓட்டினால் சரியாகப் பத்தில் நிற்கும். உடனே, அதே வகுப்பிலேயே, இந்த இரண்டு கட்டளைகளையும் ஸ்கிராட்சில் கட்டவையுங்கள்: ஒரு மாறி (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்), 10-ஐ எட்டும்வரை அல்லது தாண்டும்வரை சுற்றும் ஒரு மடக்கு, முதலில் மூன்று மூன்றாகவும் பிறகு ஒவ்வொன்றாகவும் கூட்டல். முதலாவது 12 காட்டும், மற்றது 10. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் பயறு வேறு, நிரல் வேறு என்றாகிவிடும்.

மாறிகளுக்குக் குவளை எடுக்கும்போது எச்சரிக்கை தேவை. இரண்டு குவளைகளில் உள்ள மைலோவையும் தண்ணீரையும் இடம் மாற்ற மூன்றாவது காலிக் குவளை வேண்டும் என்பதைக் காட்ட அது அருமையான வழி. ஆனால் ஊற்றியதும் பழைய குவளை காலியாகிவிடுகிறது; கணினியில் ஒரு மாறியின் மதிப்பை இன்னொன்றுக்குக் கொடுத்தால் முதலாவது அப்படியே இருக்கும். குவளையோடு நிறுத்திக்கொண்டால் தவறான பாடம் மனதில் ஊன்றிவிடும். ஆகவே பெயர் எழுதிய இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களையும் ஒட்டுத்தாளையும் வைத்துத் தொடருங்கள். மதிப்பைப் புதுத் தாளில் பார்த்து எழுதுங்கள், மற்ற டப்பாவில் இருந்த பழைய தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டபின் புதியதை வையுங்கள். டப்பாவில் ஒரே நேரத்தில் ஒரு தாள்தான் இருக்கலாம்.

செயற்கூறுகளுக்கு, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளைத் தொகுப்புகளுக்கு, கோப்பிக் கடையே இருக்கிறது. வெறும் ‘தே’ (தேநீர்) என்றால் பாலும் இனிப்பும் தானாக வரும். ‘ஓ’ பாலை நீக்கும், ‘கொசோங்’ சீனியை நீக்கும், ‘பெங்’ ஐஸ் சேர்க்கும். சொல்லாமல் விட்டதற்கு இயல்பு மதிப்பு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: சொற்களை முன்பின்னாக மாற்றிச் சொன்னாலும் கடைக்காரர் புரிந்துகொள்வார், பல நிரல்மொழிகள் புரிந்துகொள்ளாது.

இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு. நீங்கள் உண்மையில் மாற்ற வேண்டியது அறையை. கணினி அறையில் மேசைகள் சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் கிண்ணம் வைக்க இடமிருக்காது. அடுத்த பருவத்துக்கு முன்பதிவு செய்யும்போது, நகர்த்தக்கூடிய மேசைகள் உள்ள சாதாரண அறையையும், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மடிக்கணினியையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
நிரலாக்கப் பயிற்றுநர்கள் சிலர், சிங்கப்பூர்