மலைக்குச் ‘சரி’ சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஊர் திரும்பி 12 நாள் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. என் தம்பியின் நினைவாக 22 பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்கள் நான்கு பேரும் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலை பார்க்கப் போனோம், எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஏழு பேருக்குக் காலில் கொப்புளம், ரயிலில் ஒரு ஜோடி செருப்பு காணவில்லை, சேதாரம் அவ்வளவுதான்.

தம்பியைத் தெரியாதவர்களும் இதற்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள் என்பதால் அவனைப் பற்றிக் கொஞ்சம். கோவையில் வேலை பார்த்தான், சனி ஞாயிறு வந்தால் வீட்டில் தங்கமாட்டான், வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் நான்கு தடவை ஏறியவன். ஊருக்கு வந்தால் அந்தக் கதையைத்தான் ராத்திரி பூராவும் சொல்வான். மலையில் அவனுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. 27 வயதில், வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில், பைபாஸ் ரோட்டில் பைக்கில் வரும்போது போய்விட்டான். ஆனாலும் அம்மாவுக்கு மலை என்ற வார்த்தையே ஆகாமல் போயிற்று. முதல் வருஷத் திதிக்கு வந்த அவனுடைய நண்பர்கள், அவன் பெயரில் ஏதாவது செய்யவேண்டும், மலையே பார்க்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டபோது அம்மா பதில் சொல்லாமல் உள்ளே எழுந்து போனார். சின்னதாக அறக்கட்டளை பதிவு செய்து, பணம் சேர்த்து, இந்த முதல் பயணம் போக இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கண்ணுக்கு எட்டிய வரை சமதரை. ஆற்றங்கரையும் கோயில் கோபுரமும்தான் உயரம். அரசுப் பள்ளியில் 9, 10 படிக்கும் இந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மலையைப் பாடப் புத்தகத்திலும் செல்போனிலும் பார்த்தவர்கள்தான்.

பணம் கொடுத்தவர்களைச் சொல்வதற்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அம்மா அப்பாக்களுக்கு நன்றி சொல்லவேண்டும். பணம் கேட்பது அத்தனை கஷ்டமாக இல்லை, உண்மையில். பத்தாவது படிக்கும் பெண்ணை மூன்று ராத்திரி வெளியூரில் விடுங்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். ஒரு வீட்டுக்கு ஐந்து தடவை போனேன். இன்னொரு வீட்டில் அப்பா, “குரங்கணியில என்ன ஆச்சுன்னு தெரியும்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்தில் அந்தக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்ததை யார் மறப்பார்கள்? கோடையில் போகவில்லை, அரையாண்டு லீவில் டிசம்பர் கடைசியில் போகிறோம், வனத்துறை அனுமதித்த பாதையில்தான் நடப்போம், அந்தக் காட்டையே ஊராகக் கொண்ட வழிகாட்டிகள் கூட வருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, நீங்க போறீங்கள்ல?” என்றார். அந்த ஒரு ‘சரி’க்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் திருப்பூர்க்காரர்கள். தஞ்சாவூரில் கோவை ஜனசதாப்தி ஏறினோம். திருப்பூரில் வண்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தம்பியின் நண்பர்கள் இரண்டு பேர் ஓடிவந்து இரண்டு மூட்டையை வாசல் வழியாக உள்ளே தள்ளிவிட்டு, பேச நேரமில்லாமல் கையை மட்டும் ஆட்டினார்கள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய ஸ்வெட்டர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவுக்குத் தைத்தவை, எங்கள் பிள்ளைகளுக்கு முழங்கால் வரை வந்தது, குளிருக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. கும்பகோணத்துப் பாத்திரக்கடை அண்ணன் 26 எவர்சில்வர் பாட்டில் கொடுத்தார். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக முடியாது, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் வண்டியில் எடுத்துவைக்க ஒன்றுமில்லை.

வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. பேசிவைத்திருந்த வேன்காரர் மலைக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு வரமுடியாது என்றுவிட்டார். நீலகிரிக்குள் போவதற்கான இ-பாஸ் வண்டி நம்பருக்குத்தான் தருவார்கள், வேறு வண்டி என்றால் புதிதாக எடுக்கவேண்டும். கோவை சத்திரத்தில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நான் போனும் கையுமாக வாசலில் நின்றேன். பதினொன்றரைக்கு யாரோ ஒருவர் மூலமாக ஒரு டிரைவர் அண்ணன் கிடைத்தார், பாஸையும் அவரே எடுத்தார், மூன்று நாளும் எங்களோடேயே இருந்தார், கடைசியில் பேசிய வாடகையில் ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார். அண்ணே, நீங்கள் இதைப் படித்தால், உங்கள் பாட்டு கலெக்‌ஷனை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள்.

முதல்நாள் கோத்தகிரியில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்தது. உள்ளே போனதும் பிள்ளைகள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், நான் சொல்லவில்லை. மழைத் தண்ணீரைக் காடு பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது என்று வழிகாட்டி சொன்னபோது ஒரு பையன், “எங்க ஏரி மாதிரியா?” என்று கேட்டான். மேட்டூர் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்?

இரண்டாம் நாள் கரிக்கையூரிலிருந்து பொறிவரை என்ற இடத்துக்கு நடை, பழைய பாறை ஓவியங்கள் இருக்கும் இடம். எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். ஒற்றையடிப் பாதையில் எங்கள் பிள்ளைகள் தடுமாறவே இல்லை, வரப்பில் நடந்து வளர்ந்த கால்கள். ஏற்றம்தான் அவர்களுக்குப் புதிது. வழிகாட்டியாகக் கூட வந்த இருளர் தம்பி, “பேசிக்கிட்டே நடக்க முடியணும், பேச்சு நின்னா நீங்களும் நில்லுங்க” என்றார். 22 பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறினார்கள்.

ஒரு சரிவான பாறையில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் போகமாட்டேன், கீழேயும் வரமாட்டேன் என்று அழுகை. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், தைரியம் அது இதுவென்று, ஒன்றும் எடுபடவில்லை. அந்தத் தம்பி பேசாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாறையில் தேன் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், கயிறு, புகை, ராத்திரி இறங்குவது என்று. இருபது நிமிஷம் இருக்கும். “இப்ப எந்திரிக்கலாமா?” என்று அவளே கேட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அவள், “இதுலயே திரும்ப இறங்கணுமாக்கா?” என்று முறைத்தாள்.

ஓவியங்களின் மேலேயே வந்தவர்கள் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளி பெஞ்சில் தன் பெயரைச் செதுக்கி மாட்டிக்கொண்ட ஒருவனும் அந்தக் கோபத்தில் சேர்ந்துகொண்டான், அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டேன். வழிகாட்டித் தம்பி, உங்களுக்கும் கூட வந்த மற்ற இரண்டு வழிகாட்டிகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அடுத்த வருஷமும் நீங்களே வரவேண்டும்.

பழைய ஷூ கொடுத்தவர்கள், நூறு ரூபாய் அனுப்பிவிட்டுப் பெயர் போடவேண்டாம் என்றவர்கள், லீவை விட்டுவிட்டுக் கூட வந்த இரண்டு ஆசிரியர்கள், எல்லோருக்கும் நன்றி. கணக்கு முழுவதையும் தனியாக அனுப்புகிறேன், 3,140 ரூபாய் மிச்சம் இருக்கிறது.

கடைசியாக அம்மாவுக்கு. புறப்படுகிற அன்று காலையில் நாலு மணிக்கே எழுந்து 26 பொட்டலம் புளிசாதம் கட்டியிருந்தார். தம்பியின் மலை ஷூவை யாரிடமும் கேட்காமல் அவரே பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, மூட்டைக்கு மேலே வைத்தார். அதை ஒன்பதாவது படிக்கும் பையன் இரண்டு சாக்ஸ் மாட்டிப் போட்டுக்கொண்டு நடந்தான். போன வாரம் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தான். “பெருசா இருக்கு பாட்டி” என்றான்.

“வளருவ, வச்சுக்க” என்றார் அம்மா.

அன்புடன்,
அக்கா

பி.கு.: பழுப்பு நிற மங்கி குல்லா ஒன்று என்னிடம் இருக்கிறது. 22 பேரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். டிரைவர் அண்ணே, உங்களுடையதா?